ஓடுற ஆத்துல கரண்ட்: ரோமாபுரியில இருந்து அடையாறு வரைக்கும்

மெட்ராஸ்ல இருந்து எங்க ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க, சிநேகிதங்க எல்லாரும் வாய்க்கால் மதகுல உக்காந்து காலை நனைச்சுக்கிட்டே ஒரு தடவையாவது கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "இவ்வளவு தண்ணி சும்மாதானே ஓடுது, இதுல ஒரு சின்ன மிதவையப் போட்டு கரண்ட் எடுத்தா என்ன?" அணை வேண்டாம், காடு முழுகாது, யாரையும் ஊரை விட்டுக் கிளப்ப வேண்டாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. இந்த யோசனைக்கு ஆயிரத்து ஐந்நூறு வருஷ வரலாறு இருக்குன்னு படிச்சுப் பார்த்தபோதுதான் தெரிஞ்சது. அதுல மெட்ராஸ்காரங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. ஆனா அந்தப் பங்கு ஆத்துல இல்ல, கடல்ல. அது ஏன்னு யோசிச்சுப் பார்த்ததை எழுதுறேன்.

முதல்ல ரோம். கி.பி. 537. கோத்துகள் நகரத்தை முற்றுகை போட்டுட்டாங்க. ரோமுக்குத் தண்ணி கொண்டு வந்த மேல்வாய்க்கால்களை எல்லாம் வெட்டி விட்டுட்டாங்க. குடிதண்ணிக்குக் கிணறு இருந்தது, டைபர் ஆறும் ஊருக்கு நடுவுலதான் ஓடுது. ஆனா ஜனிகுலம் மேட்டுல இருந்த மாவு மில்லுகள் எல்லாம் அந்த வாய்க்கால் தண்ணி விழுந்து சுத்துன மில்லுகள். வாய்க்கால் வறண்டதும் மில்லு நின்னு போச்சு. முற்றுகைக்குள்ள இருக்கிற ஊர்ல கோதுமை இருந்தும் மாவு இல்ல. தளபதி பெலிசாரியஸ் என்ன செஞ்சார்னா, பாலத்துக்குக் கீழே ஆறு குறுகி வேகமா ஓடுற இடத்துல ரெண்டு படகை ரெண்டடி இடைவெளி விட்டுக் கயிறு போட்டுக் கட்டினார். நடுவுல தண்ணிச் சக்கரம், படகு மேலே அரவைக் கல். ஒரு ஜோடி சரியா ஓடினதும் அதுக்குப் பின்னாலேயே வரிசையா ஜோடி ஜோடியா கட்டிட்டார். தண்ணி ஏறினாலும் இறங்கினாலும் படகும் கூடவே ஏறி இறங்கும். சக்கரம் எப்பவும் சரியான ஆழத்துல இருக்கும். மிதவையோட மொத்த சூட்சுமமும் இதுதான், இன்னைக்கு வரைக்கும்.

எதிரிக்கு விஷயம் தெரிஞ்சதும் அவனும் யோசிச்சான். மேல இருந்து பெரிய மரங்களையும், செத்தவங்க உடலையும் ஆத்துல தள்ளி விட்டான். அது வந்து மோதி சக்கரம் ஒடைஞ்சது. பெலிசாரியஸ் பாலத்துக்கு மேற்புறம் ஆத்தின் குறுக்கே நீளமா இரும்புச் சங்கிலி போட்டு வர்றதை எல்லாம் தடுத்து, ஆள் வெச்சு எடுத்துக் கரையில போட வெச்சார். கூடவே இருந்த புரோகோப்பியஸ் இதையெல்லாம் எழுதி வெச்சிருக்கார். இந்தச் சங்கிலி விஷயத்தை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

அதுக்கப்புறம் பாக்தாத், மோசுல் பக்கம் டைக்ரிஸ் ஆத்துல மிதக்கும் மில்லுகள் வந்தது. ஐரோப்பாவுல டான்யூப், ரைன்ல நூற்றாண்டுக் கணக்கா ஓடுச்சு. நீராவிக் கப்பல் வந்ததும் ஆத்து நடுவுல நிக்கிற மில்லு இடைஞ்சலாச்சு. நீராவி மில்லு வந்ததும் அது தேவையே இல்லாம போச்சு.

நம்ம காவேரியில இப்படி ஏன் வரலைன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி. இமயமலைப் பக்கம், உத்தராகண்டுல, ஓடை ஓரமா 'கராட்'னு தண்ணியில ஓடுற மாவு மில்லு ஊருக்கு ஊர் இருந்தது, இன்னும் சிலது ஓடுது. நம்ம பக்கம் ஏத்தம் இருந்தது, கவலை இருந்தது, செக்கு இருந்தது. எல்லாம் ஆளும் மாடும் இழுத்தது. நான் நினைக்கிறது இதுதான்: கோதுமையை அரைச்சே ஆகணும், நெல்லை வீட்டு உரல்ல குத்திக்கலாம். அந்த உலக்கையைப் பிடிச்சது பொம்பளைங்க கை. அதுக்குக் கூலி கணக்குப் பார்த்தவங்க யாரும் இல்ல. அப்புறம் ஆறு வருஷத்துல பாதி நாள் மணல். சமதரையில ஓடுற ஆத்துல வேகமும் கம்மி. இந்த வேகம்தான் எல்லாத்துக்கும் மூலம். அதைக் கொஞ்சம் விளக்கிடுறேன்.

தண்ணியில இருந்து சக்தி எடுக்க ரெண்டு வழி. உயரத்துல இருந்து விழ வைக்கிறது ஒண்ணு, ஓடுற வேகத்தைப் பிடிக்கிறது இன்னொண்ணு. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்துல ஓடுற தண்ணிக்குள்ள இருக்கிற சக்தி எவ்வளவுன்னா, அதே தண்ணி 5 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா கிடைக்கிற அளவு. ரெண்டு அங்குலம்! அவ்வளவுதான். இப்ப நீலகிரியில பைக்காராவை எடுத்துக்குங்க. அங்க சிங்காராவுல தண்ணி 3,080 அடி, கிட்டத்தட்ட 939 மீட்டர் இறங்குது. பைக்காரா தண்ணி ஒரு லிட்டர் செய்யிற வேலையை நம்ம வாய்க்கால் தண்ணி செய்யணும்னா பதினெட்டாயிரம் லிட்டருக்கு மேல வேணும்.

அந்தப் பைக்காரா கதையில ஒரு ஆழ்வார்பேட்டை வீடு வருது. எல்டாம்ஸ் ரோட்டுல 'தி குரோவ்'னு ஒரு பழைய பங்களா, மரமெல்லாம் அடர்ந்து இருக்கும். சி.பி. ராமசாமி ஐயர் வீடு, இப்ப அவர் பேர்ல அறக்கட்டளை நடக்குது. 1923-ல இருந்து 1928 வரைக்கும் சென்னை அரசாங்கத்துல சட்ட மெம்பரா இருந்தபோது பைக்காரா, மேட்டூர் ரெண்டையும் விடாம தள்ளினவர் அவர். 1932-ல பைக்காராவுல மின்சாரம் வந்தது. கோயம்புத்தூர் மில்லுகள் எழுந்தது அதனாலதான். அதுக்கு முன்னாடியே 1902-ல மைசூர் சிவசமுத்திரத்துல காவேரி அருவியில எடுத்த மின்சாரம் 92 மைல் தாண்டி கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போச்சு. அதைத் திட்டமிட்ட திவான் சேஷாத்ரி ஐயரும் மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல படிச்சவர்தான். மெட்ராஸுக்கு மட்டும் அருவி கிடையாது. 1895-லேயே இந்தியாவோட முதல் எலெக்ட்ரிக் ட்ராம் இங்கேதான் ஓடுச்சு, பின்னால மயிலாப்பூர் வரைக்கும் போச்சு. ஆனா பட்டணத்துக்கு வெளிச்சம் குடுத்தது பேசின் பிரிட்ஜ்ல எரிஞ்ச நிலக்கரி.

சரி, தென்சென்னையில ஓடுற தண்ணின்னு என்ன இருக்கு? மயிலாப்பூர் பக்கம் பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாறையும் இணைச்ச இந்தத் துண்டை வெட்டினது 1877-78 தாது வருஷப் பஞ்சத்துல, பஞ்ச நிவாரண வேலையா. கஞ்சிக்கும் காசுக்கும் மண்ணு சுமந்தவங்க வெட்டின கால்வாய் அது. இப்ப அதுக்கு மேலதான் பறக்கும் ரயில் தூண் நிக்குது. அந்தக் கால்வாய் ஓடுறதுக்காக வெட்டினதே இல்ல, படகு போறதுக்கு. படகுக் கால்வாய்னா மட்டமா இருக்கணும், லாக் வெச்சுத் தண்ணியை நிறுத்தணும். அதுல மிதவையைப் போட்டா அது மிதக்கும், வேற ஒண்ணும் செய்யாது.

அடையாறு ஆறு 42 கிலோமீட்டர். வருஷத்துல முக்கால்வாசி நாள் கழிமுகத்துல மணல் மேடு அடைச்சுக்கும், பொக்லைன் வெச்சுத் தோண்டி விடுவாங்க. சென்னைக் கடல்ல ஏற்ற வற்றம் ஒரு மீட்டர் கிட்டத்தட்டத்தான், அதனால கடல் தண்ணி உள்ள வந்து போற வேகமும் பெருசா இல்ல. ஆனா 2015 டிசம்பர்ல அதே ஆறு எப்படி வந்ததுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. செம்பரம்பாக்கத்துல இருந்து மட்டும் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தாங்க. தண்ணியில இருக்கிற சக்தி வேகத்தோட கன மடங்குல ஏறும். வேகம் ரெண்டு மடங்கானா சக்தி எட்டு மடங்கு, மூணு மடங்கானா இருபத்தேழு மடங்கு. கணக்குப்படி அந்த நாள்ல அடையாறுல ஏகப்பட்ட மின்சாரம் ஓடுச்சு. கூடவே காரும் கட்டிலும் மரமும் ஓடுச்சு. கோத்துகள் தள்ளி விட்டதை விட அதிகம். எந்தச் சங்கிலி தாங்கும்? ஒரு மிதவை 360 நாள் பட்டினி கிடந்து, அஞ்சு நாள்ல விருந்து சாப்பிட்டு, விருந்துலேயே செத்துப் போற ஊர் அது.

அதனாலதான் கிண்டிக் காட்டுக்குள்ள, அடையாறுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஐ.ஐ.டி.காரங்க ஆத்தைப் பார்க்காம கடலைப் பார்த்தாங்கன்னு நினைக்கிறேன். 1980-கள்ல அங்க அலையில இருந்து மின்சாரம் எடுக்கிற ஆராய்ச்சி தொடங்குச்சு. கேரளாவுல விழிஞ்ஞத்துல கடலுக்குள்ள பெரிய கான்கிரீட் பெட்டி ஒண்ணை இறக்கி, 1991-ல 150 கிலோவாட் நிலையத்தை ஓட வெச்சாங்க. அலை உள்ள வந்தா பெட்டிக்குள்ள காத்து மேல தள்ளப்படும், அலை இறங்கினா காத்து உள்ள இழுக்கப்படும். எந்தப் பக்கம் காத்து போனாலும் ஒரே பக்கம் சுத்துற வெல்ஸ் டர்பைன். அது மிதவை இல்ல, ஆனா வழி காட்டுச்சு. அந்தக் குழுவுல இருந்த எம். ரவீந்திரன்தான் 1993-ல தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் ஆரம்பிச்சபோது முதல் இயக்குநர். முதல்ல ஐ.ஐ.டி. வளாகத்துக்குள்ள இருந்துச்சு, அப்புறம் பள்ளிக்கரணைக்குப் போச்சு. அவங்க 'சாகர் சக்தி'ன்னு ஒரு மிதவைக் கப்பல்ல 1 மெகாவாட் நிலையம் கட்டினாங்க. கடலோட மேல் சூட்டுக்கும் அடிக் குளிருக்கும் உள்ள வித்தியாசத்துல மின்சாரம். தூத்துக்குடிக்கு அப்பால அடிக் குளிர் தண்ணியை எடுக்க ஒரு கிலோமீட்டர் நீளக் குழாயை இறக்கும்போது திட்டம் நின்னு போச்சு. ஆனா அதே அறிவை வெச்சு 2005-ல லட்சத்தீவு கவரத்தியில கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்கினாங்க, ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். விழிஞ்ஞம் நிலையமும் கடைசிக் காலத்துல கரண்டை விட்டுட்டுக் குடிதண்ணி செஞ்சது. எனக்குப் பிடிச்சதே இதுதான். சக்தியைக் கம்பியில ஏத்தி எங்கேயோ அனுப்பாம, இருக்கிற இடத்துலயே ஒரு வேலையை முடிச்சுட்டாங்க.

2022 நவம்பர்ல ஐ.ஐ.டி. பேராசிரியர் அப்துஸ் சமது குழு, தூத்துக்குடிக் கரையில இருந்து 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழத்துல 'சிந்துஜா-1'னு ஒரு மிதவையைப் போட்டு சோதிச்சாங்க. தொட்டில் மாதிரி அலையில ஏறி இறங்குற மிதவை, நடுவுல ஒரு தண்டு, ரெண்டுக்கும் உள்ள அசைவுல மின்சாரம். ஆத்து மிதவைக்குச் சித்தப்பா மகன்னு சொல்லலாம்.

இனி என் பக்கத்துக்கு வர்றேன். மயிலாப்பூர்ல இருக்கிற என் தங்கச்சி மகன் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். காலேஜ் புராஜெக்ட்டுக்கு ரெண்டு நீல பிளாஸ்டிக் டிரம், நடுவுல தகரத் துடுப்பு வெச்ச சக்கரம், ஒரு பழைய டைனமோ எல்லாத்தையும் பஸ் டாப்புல கட்டிக்கிட்டு ஊருக்கு வந்துட்டான். ஆடி மாசம், வெண்ணாத்துல இருந்து எங்க வாய்க்காலுக்குத் தண்ணி நல்லா வந்துக்கிட்டிருந்த நேரம். வாழைமட்டைத் துண்டை மிதக்க விட்டு வேகத்தை அளந்தான். பத்து மீட்டர் போக இருபது விநாடி. சக்கரம் தண்ணிக்குள்ள இருக்கிற பரப்பு அரை சதுர மீட்டர். பல்பு எரிஞ்சது. 5 வாட் எல்.இ.டி. பல்பு.

"மாமா, தண்ணிக்கு வேகம் பத்தல."

"அது அப்படித்தான் மாப்ள ஓடணும். வேகமா ஓடினா கரை நிக்காது."

அவனுக்குச் சொன்னதுக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. 1895-ல பஞ்சாப்புல, மேல் பாரி தோவாப் கால்வாய்ல கென்னடின்னு ஒரு இன்ஜினியர் வருஷக்கணக்கா ஓடின கால்வாய்களை அளந்து ஒரு விதி சொன்னார். தண்ணி மெதுவா ஓடினா வண்டல் படிஞ்சு கால்வாய் தூர்ந்துடும். வேகமா ஓடினா கரையையும் தரையையும் அரிச்சுடும். ரெண்டும் நடக்காத ஒரு நடுவேகம் உண்டு, ஆழத்தைப் பொறுத்து அது மாறும். மூணடி ஆழ வாய்க்காலுக்கு அந்த வேகம் விநாடிக்கு அரை மீட்டர்தான் வருது. மாப்ள வாழைமட்டையில அளந்த அதே வேகம்! மண்ணு வாய்க்காலை நல்லா வெட்டினவங்க எல்லாரும் தண்ணியோட வேகத்தை வேணும்னே எடுத்துட்டாங்க. டர்பைன்காரன் தேடுற பொருளை வாய்க்கால்காரன் முன்னாடியே திருடிட்டான்னு வெச்சுக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். அரை மீட்டர் வேகத்துல ஒரு சதுர மீட்டருக்கு 62 வாட் ஓடுது. அதுல 59 சதவீதத்துக்கு மேல எந்தச் சக்கரமும் எடுக்க முடியாதுன்னு பெட்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1920-லேயே நிரூபிச்சுட்டார். நடைமுறையில 30 சதவீதம் கிடைச்சா அதிர்ஷ்டம். அப்போ 19 வாட். என் போர் மோட்டார் 5 குதிரைசக்தி, 3,730 வாட். அதை ஓட்ட இருநூறு சதுர மீட்டர் சக்கரம் வேணும். எங்க வாய்க்கால் மொத்தக் குறுக்கு வெட்டே நாலு சதுர மீட்டர்.

அதோட வாய்க்கால் தண்ணி வெறுங்கையோட வராது. முதல் நாள் வைக்கோல், ரெண்டாம் நாள் ஆகாயத்தாமரை, மூணாம் நாள் யாரோ திதி குடுத்துட்டு விட்ட மாலையும் வாழை இலையும். மாப்ள பாதி நேரம் தண்ணிக்குள்ள நின்னு சக்கரத்துல சுத்தினதைப் பிரிச்சுக்கிட்டிருந்தான். பெலிசாரியஸ் சங்கிலிக் கதையைச் சொன்னேன். சிரிச்சான்.

நாலாம் நாள் கீழத்தெருக்காரர் வந்து நின்னார். அவர் நிலம் கடைமடை. "அண்ணே, இது தண்ணியைத் தடுக்குதே"ன்னார். அவர் சொன்னது சரி. தண்ணியோட ஓட்டத்துல இருந்து சக்தியை உருவினா, தண்ணி அங்க தயங்கும். தயங்கினா மேல்பக்கம் ஒரு விரல்கடை மட்டம் ஏறும். மட்டம் ஏறினா மேல்மடை மதகுல தண்ணி கூடப் பாயும். அந்தக் கூடுதல் எங்கிருந்து வருது? கடைமடையில இருந்து. ஒரு சக்கரத்துக்குப் பெருசாத் தெரியாது. ஐம்பது சக்கரம் வரிசையா போட்டா அடிதடிதான். 'சும்மா ஓடுற தண்ணி'ன்னு நகரத்துல சொல்றீங்களே, அந்தச் சும்மாவுக்கு முறை வெச்சுக் காத்துக்கிட்டு ஒரு ஆள் இருக்கார்.

அப்போ இது எங்கேயுமே நடக்காதான்னு கேட்டா, நடந்திருக்கு. 'சிறியதே அழகு' எழுதின ஷூமாக்கர் 1966-ல ஆரம்பிச்ச இடைநிலைத் தொழில்நுட்ப அமைப்பு, 1980-கள் தொடக்கத்துல சூடான்ல ஜூபா ஊர்ல, வெள்ளை நைல் ஆத்துல இதைச் செஞ்சு காட்டுச்சு. பீட்டர் கார்மன்னு ஒரு இன்ஜினியர். மிதவை, அதுல சாய்வா தண்ணிக்குள்ள இறங்குற தண்டு, முனையில காத்தாடி மாதிரி இறக்கை, கரையில ஒரு கம்பத்துல இருந்து ஒத்தைக் கம்பிக் கயிறு. ஆத்தின் குறுக்கே எதுவும் கட்டல. கரண்ட் முதல் குறி இல்ல. இறக்கை நேரா பம்பைச் சுத்துச்சு, கரையில காய்கறித் தோட்டத்துக்குத் தண்ணி ஏறுச்சு. நைல் அங்க வருஷம் பூரா ஓடும், விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல வேகம், ஆழமும் அகலமும் தாராளம். கரையில கரண்ட் லைன் கிடையாது, டீசல் கிடைக்கிறதே அபூர்வம். அதனால அந்த ஏழெட்டு நூறு வாட்டுக்கும் மதிப்பு இருந்தது. கார்மன் 1986-ல இதை எப்படிச் செய்யணும்னு களப்பணியாளர்களுக்கு ஒரு புத்தகமே எழுதினார். அவர்கூட வேலை பார்த்த பீட்டர் ஃப்ரெங்கல் பின்னாடி அதே யோசனையைக் கடலுக்குக் கொண்டு போய், 2008-ல வட அயர்லாந்துல 1.2 மெகாவாட் நீரோட்ட நிலையம் நிறுத்தினார். காய்கறித் தோட்டத்துல தொடங்கின விஷயம்.

எனக்கு அந்தத் தோட்டத்துப் பம்பு மேலதான் கண்ணு. வாய்க்கால் மேட்டுல இருக்கிற கால் ஏக்கர் கத்திரிக்கும் வெண்டைக்கும் அது போதும்.

நம்ம ஊர்ல இந்தப் பேச்சு இப்ப மறுபடி வருது. 2024-ல மத்திய மின்சார ஆணையம் இந்த மாதிரி அணையில்லாத மிதவை டர்பைனை நீர்மின் வகையில சேர்த்து அங்கீகரிச்சது. கூடவே இன்னொண்ணு நடந்துக்கிட்டிருக்கு, அதை நீங்க இதோட சேர்த்துப் பார்த்திருக்க மாட்டீங்க. 1934-ல மேட்டூரோட சேர்த்து முடிச்ச கல்லணைக் கால்வாய், 148 கிலோமீட்டர். அதைச் சீரமைக்கிற 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில சென்னையிலதான் அடிக்கல் நாட்டினாங்க. அதுல கரைக்கும் தரைக்கும் கான்கிரீட் போடுற வேலை வந்ததும் தஞ்சாவூர் பக்கம் விவசாயிங்க எதிர்த்தாங்க; தரையில கான்கிரீட் போட்டா நிலத்தடி நீர் ஊறாது, கிணறும் போரும் வத்திடும்னு. கான்கிரீட் போட்டா தண்ணி வேகமா ஓடும், அரிக்காது. கென்னடி விதி அங்க செல்லாது. அதாவது மிதவைக்காரனுக்கு நல்ல கால்வாய், போர்க்காரனுக்குக் கெட்ட கால்வாய். ஒரு விநாடிக்கு அரை மீட்டர் கூடுதல் வேகம் யாருக்குச் சொந்தம்ங்கிற சண்டை நாளைக்கு வரும்.

அப்படியே நல்லா ஓடினாலும், மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல திறந்து ஜனவரி 28-ல மூடுவாங்க. மாசி, பங்குனி, சித்திரை முழுக்க கால்வாய்ல பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. அந்த மாசத்துக்குத்தான் எங்களுக்குக் கரண்ட் அதிகம் தேவை, போர் தண்ணியிலதான் கோடைப் பயிர். அப்போ வெயில் இருக்கு, கொட்டகை மேல சோலார் இருக்கு. மாப்ளயும் இப்ப அடுத்த செமஸ்டருக்கு வேகம் எங்க கிடைக்கும்னு தேடிக்கிட்டிருக்கான். மதகுக்குக் கீழே, தண்ணி பீறிட்டு விழுற அந்தப் பத்தடி தூரத்துல மட்டும் விநாடிக்கு ரெண்டு மீட்டர் இருக்கும். அங்க கணக்குப்படி ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட்டுக்கு மேல எடுக்கலாம். மதகு நீர்வளத்துறையோடது, அனுமதி வேணும். கீழத்தெருக்காரர்கிட்டயும் கேக்கணும். முதல்ல அவர்கிட்ட கேட்டுட்டு வரேன்னு போயிருக்கான்.